பெரியவர்கள் ஏன் படிக்கிறார்கள், உலகம் எப்படிப் பெருகுகிறது: வரைபடம் எழுதச் சொல்லிக்கொடுத்த அனுபவம்

திருச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் சில வருடங்களாக மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்ஸுகள். இங்கிலாந்து, அயர்லாந்து என்று கிளம்பத் தயாராகும் பெண்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கைக்கு வந்தால்தான் மற்ற காகித வேலையெல்லாம் நகரும். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். ரைட்டிங்கில்தான் தொங்குகிறது. இங்கிலாந்தின் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் மற்ற மூன்றுக்கும் 7 பேண்ட், அதாவது மதிப்பெண், கேட்கிறது, ரைட்டிங்குக்கு 6.5. 2018 கடைசி வரை அதற்கும் 7 கேட்டார்கள். அரைப் பேண்டைக் குறைத்த பிறகும் பலருக்கு அந்த இடத்தில்தான் மூச்சு முட்டுகிறது.

ரைட்டிங் தாளில் இரண்டு கேள்வி. முதலாவதில் ஒரு படம் தருவார்கள். பார் சார்ட், பை சார்ட், கோட்டு வரைபடம், அட்டவணை என்று ஏதாவது ஒன்று. சில சமயம் ஊர் வரைபடமோ, ஒரு பொருள் தயாராகும் விதமோகூட வரும். பார்த்ததை 150 வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும், அதற்கு 20 நிமிடம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இரண்டாவது கேள்வி 250 வார்த்தைக் கட்டுரை, அதற்கு இரண்டு மடங்கு எடை. அதனால் முதல் கேள்வியை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. படத்தில் இருப்பதைத்தானே எழுதப் போகிறோம், இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

நான் படித்தது புள்ளியியல். கொஞ்ச காலம் கல்லூரியில் அதைத்தான் நடத்தினேன். இந்த மையத்தில் ஒருவர் திடீரென்று விலகியதால் ரைட்டிங் வகுப்பு என் பக்கம் வந்தது. வந்து பார்த்தால், டாஸ்க் 1 என்கிற அந்த முதல் கேள்வியில் இவர்களைக் கவிழ்ப்பது ஆங்கிலத்தைவிட எண்தான். இதைச் சொன்னால் மையத்தில் இன்றைக்கும் முழுசாக ஒத்துக்கொள்வதில்லை. அங்கே வழக்கம் வேறு. முதல் நாளே ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுப்பார்கள். ஏறுவதற்கு ஒரு பத்தி நிறையச் சொற்கள், இறங்குவதற்கு ஒரு பத்தி. சோர், சர்ஜ், பிளம்மெட், ராக்கெட். அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, 2 சதவீத ஏற்றத்துக்கு ராக்கெட் விடுவார்கள்.

என் வகுப்பில் அந்தத் தாளைக் கொஞ்ச நாள் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பெரியவர்கள் ஏன் படிக்க வருகிறார்கள் என்ற பார் சார்ட். இன்னொன்று, உலக மக்கள்தொகை. பயிற்சித் தாள்களில் இரண்டும் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருப்பவை. இந்த இரண்டில் என்னென்ன வகையாக வழுக்கி விழலாமோ அதையெல்லாம் விழுந்து எழுந்துவிட்டால், மற்ற படங்கள் அவ்வளவாகப் பயமுறுத்தாது என்பது என் கணக்கு.

முதல் படத்தில் ஏழு காரணங்கள் இருக்கின்றன. பாடத்தில் ஆர்வம் 40 சதவீதம், பட்டமோ சான்றிதழோ பெற 38, இப்போது பார்க்கும் வேலைக்கு உதவும் என்று 22, பதவி உயர்வுக்காக 20, படிப்பதே பிடிக்கும் என்று 20, வேறு வேலைக்கு மாற 12, நாலு பேரைச் சந்திக்க 9. பக்கத்திலேயே ஒரு பை சார்ட்: பெரியவர்களின் படிப்புச் செலவை யார் எவ்வளவு ஏற்க வேண்டும்? படிக்கிறவர் 40, வேலை தருகிறவர் 35, வரி கட்டுகிறவர்கள் 25.

படத்தைக் கொடுத்துவிட்டு எழுதச் சொல்வதில்லை. கூட்டச் சொல்கிறேன். வகுப்பே ஒரு மாதிரி பார்க்கும். ஆங்கில வகுப்பில் கூட்டல் கணக்கா? கூட்டினால் பை சார்ட் சரியாக 100 வருகிறது. பார் சார்ட் 161 வருகிறது. அங்கேதான் பேச்சே தொடங்கும். “மேடம், பிரிண்ட் தப்பு” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். தப்பில்லை. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணத்தைச் சொல்லலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஆர்வமும் இருக்கும், சான்றிதழும் வேண்டும், கூடவே பதவி உயர்வும் வேண்டும். அந்த ஒரே ஆள் மூன்று பாரில் எண்ணப்பட்டிருக்கிறார்.

இது தெரிந்துவிட்டால் எழுதக் கூடாத வாக்கியங்கள் தானாகவே உதிர்ந்துவிடும். “வேலை தொடர்பான மூன்று காரணங்களைச் சேர்த்தால் 54 சதவீதம் பேர் வேலைக்காகப் படிக்கிறார்கள்” என்று எழுத முடியாது, ஏனென்றால் 22, 20, 12 மூன்றிலும் அதே ஆட்கள் இருக்கலாம். “மீதி 60 சதவீதம் பேருக்குப் பாடத்தில் ஆர்வம் இல்லை” என்பதும் சரியில்லை. அவர்கள் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்புறம் எல்லோரும் எழுதுகிற ஒன்று: “பெரும்பாலானோர் ஆர்வத்தால் படிக்கிறார்கள்.” 40 பாதியைத் தாண்டவில்லை. அதிகம் பேர் சொன்ன காரணம் அதுதான், ஆனால் அது பெரும்பாலானோர் சொன்ன காரணம் ஆகாது. தேர்தலில் 40 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்த வேட்பாளரை நமக்குத் தெரியாதா என்ன!

இன்னொரு கண்ணி, இரண்டு படத்திலும் 40 இருப்பது. வருகிற ஒவ்வொரு அணியிலும் யாராவது ஒருவர் இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஆர்வத்தால் படிக்கிற 40 சதவீதம் பேரும் தங்கள் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதிவிடுவார். அழகான வாக்கியமாகவும் இருக்கும். ஆனால் பார் சார்ட் எண்ணுவது ஆட்களை. பை சார்ட் பிரிப்பது பணத்தை. ஒரே எண் என்பதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அதனால்தான் எந்த எண்ணைத் தொட்டாலும் முதலில் ‘எதில்?’ என்று கேட்கச் சொல்கிறேன். எதில் 40? பதில் வாயால் வந்த பிறகு பேனாவை எடுக்கலாம்.

இந்தப் படத்தில் காலம் என்பதே இல்லை. கீழ்க்கோட்டில் ஆண்டு கிடையாது, காரணங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் பார் 40-லிருந்து 9 வரை படிக்கட்டு மாதிரி இறங்குவதைப் பார்த்ததும் கை தானாக ‘குறைந்தது’ என்று எழுதிவிடும். ஒன்றும் குறையவில்லை. ஒரே நேரத்தில் கேட்ட ஒரே கேள்விக்கு வந்த பதில்கள் அவை. இங்கே வேண்டியது ஒப்பிடும் வாக்கியம்: இதைவிட அது அதிகம், இதில் ஏறத்தாழ பாதி, இவை இரண்டும் சமம். ஜெராக்ஸ் தாளில் உள்ள ஏற்ற இறக்கச் சொற்களில் ஒன்றுகூட இந்தப் படத்துக்கு உதவாது. ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப அவ்வளவும் மனப்பாடம் பண்ணது வேஸ்ட்டா சிஸ்டர்?” என்றாள். ஆஸ்பத்திரிப் பழக்கம், என்னையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். வேஸ்ட் இல்லை, அடுத்த படத்துக்கு வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

ஏழு பாரையும் ஏழு வாக்கியமாக எழுதினால் பலசரக்குச் சீட்டு வாசிப்பது போல ஆகிவிடும். கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் பழக்குகிறேன். 40, 38 இரண்டும் மேலே ஒட்டி நிற்கின்றன. 22, 20, 20 நடுவில் ஒரு கொத்து, முதல் கொத்தில் ஏறத்தாழ பாதி. 12, 9 கடைசியில். இந்த மூன்று கொத்தும் கண்ணில் பட்டுவிட்டால் மூன்று வாக்கியத்தில் படம் முடிந்துவிடுகிறது. முழுப் படத்துக்கும் ஒரு வரிச் சுருக்கம் எழுதச் சொல்கிறார்களே, ஓவர்வியூ, அதுவும் இதிலிருந்தே வந்துவிடும். ஆர்வமும் தகுதிச் சான்றிதழும் மற்றவற்றைவிட வெகுவாக முன்னால், மனிதர்களைச் சந்திப்பது கடைசியில். ஓவர்வியூவில் எண் தேவையில்லை. ஓவர்வியூவே இல்லாமல் எழுதினால்தான் மதிப்பெண் அடிபடும். எண்ணை நிறையப் போட்டுவிட்டு ஓவர்வியூவை விட்டுவிடுகிறவர்கள் 6-க்கு மேல் போவதைப் பார்ப்பது அரிது.

என் வகுப்பில் நாற்பதைத் தாண்டிய ஒரு நர்ஸ் இருந்தார். டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்தவர், பிள்ளைகள் பெரிதான பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தார், இப்போது இந்தத் தேர்வு. படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, “நான் எதுக்குப் படிக்கிறேனோ அது இதுல இல்லையே மேடம்” என்றார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் கிளம்புகிறார். அதை எந்த பாரில் போடுவது?

எனக்கு ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-இல் அங்கே பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் சின்னப் பெண். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் பொழுது சாய்ந்த பிறகு தெருவிளக்கின் கீழே ஸ்லேட்டோடு உட்காருவார்கள். கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். என் சித்தி கையெழுத்துப் போடக் கற்றதைவிட சைக்கிள் கற்றதைத்தான் பெரிதாகச் சொல்வாள். பஸ்ஸுக்கு ஆம்பளை துணை தேடாமல் போகலாம், போர்டை நாமே படிக்கலாம். அவளிடம் இந்த ஏழு காரணத்தையும் நீட்டியிருந்தால் எதிலும் கை வைத்திருக்க மாட்டாள். ஒரு கருத்துக்கணிப்பில் கேட்பவர் எழுதிவைத்த பெட்டிகளுக்குள்தான் பதில் சொல்கிறவர் உட்கார முடியும்.

இதையெல்லாம் வகுப்பில் பேசலாம், பேசவும் செய்கிறோம். தாளில் எழுதக் கூடாது. டாஸ்க் 1 நம் கருத்தைக் கேட்பதில்லை. படத்தில் இல்லாத காரணத்தை நாமாகச் சேர்க்கவும் கூடாது. இது நர்ஸுகளுக்குச் சட்டென்று பிடிபடும். நைட் டியூட்டி முடித்து ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது காய்ச்சல் எவ்வளவு, பி.பி. எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதானே எழுதுகிறார்கள். ஏன் ஏறியது என்பது டாக்டரின் வேலை.

இரண்டாவது படத்துக்கு வருவோம். உலக மக்கள்தொகை 100 கோடியைத் தொட்டது 1804 வாக்கில். 200 கோடி 1927-இல், 300 கோடி 1960, 400 கோடி 1974, 500 கோடி 1987, 600 கோடி 1999, 700 கோடி 2011, 800 கோடி 2022. இவை ஐ.நா. மதிப்பீடுகள். 500 கோடி ஆனதாகக் குறித்த ஜூலை 11-ஐத்தான் உலக மக்கள்தொகை தினம் என்கிறோம். 800 கோடிக்கு அவர்கள் குறித்த நாள் 2022 நவம்பர் 15.

இங்கே காலம் இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, ஜெராக்ஸ் தாளைத் திறக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கழித்தல். ஒவ்வொரு நூறு கோடிக்கும் எத்தனை வருடம் பிடித்தது? 123, 33, 14, 13, 12, 12, 11. இந்த வரிசையை போர்டில் எழுதியதும், வேகம் கூடிக்கொண்டே போகிறது என்றுதான் வகுப்பு முழுக்கச் சொல்லும். நியாயமாகத்தான் தோன்றும். 123 வருடத்தில் நடந்தது 11 வருடத்தில் நடக்கிறதே.

சரி, இப்போது வளர்ச்சி வீதத்தைப் பார்க்கலாம் என்பேன். 1960-இலிருந்து 1974 வரை 300 கோடி 400 கோடி ஆனது: ஆண்டுக்குச் சராசரியாக 2 சதவீதம். 2011-இலிருந்து 2022 வரை 700 கோடி 800 கோடி ஆனது: ஆண்டுக்கு 1.2 சதவீதம். வீதம் வெகுவாக இறங்கியிருக்கிறது, ஆனால் நூறு கோடி சேர ஆன காலம் 14-இலிருந்து 11 ஆகச் சுருங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. 300 கோடியில் 2 சதவீதம் 6 கோடி. 700 கோடியில் 1.2 சதவீதம் 8.4 கோடி. அடித்தொகை பெரிதாகிவிட்டதால் சின்ன வீதமே அதிகம் பேரைச் சேர்க்கிறது. இதை போர்டில் பெருக்கிக் காட்டும் வரைக்கும் யாரும் நம்புவதில்லை, பெருக்கிய பிறகும் சிலர் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகம் எனக்குப் பிடிக்கும்.

உலக வளர்ச்சி வீதம் உச்சத்தில் இருந்தது 1960-களில், 2 சதவீதத்துக்குச் சற்று மேலே. 2020-இல் அது 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. 70-ஐ வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக ஆகும் காலம் ஏறத்தாழ கிடைக்கும். 2 சதவீதத்தில் போனால் 35 வருடம், 1 சதவீதத்தில் போனால் 70 வருடம். தேர்வில் இந்தக் கணக்கை எழுத வேண்டியதில்லை. ஆனால் வீதத்தில் ஒரே ஒரு புள்ளி இறங்குவது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று மனதில் பதிய இது உதவுகிறது.

ஆகவே கோட்டு வரைபடம் வந்தால் செங்குத்துக் கோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரு வார்த்தைகூட எழுதாதீர்கள். அங்கே ‘மக்கள்தொகை’ என்றிருந்தால் கோடு இறங்குவது ஆள் குறைவதைக் காட்டும். ‘வளர்ச்சி வீதம்’ என்றிருந்தால் கோடு இறங்கினாலும் ஆள் கூடிக்கொண்டேதான் இருக்கிறார்கள், மெதுவாக. வீதம் பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் குறைவு.

இதைப் புரியவைக்க நம் பக்கத்து எண்களே போதும். கேரளத்தின் பத்தாண்டு வளர்ச்சி 1991–2001-இல் 9.4 சதவீதம், 2001–2011-இல் 4.9. பார் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் மக்கள்தொகை 3.18 கோடியிலிருந்து 3.34 கோடியாக ஏறியது. பக்கத்திலேயே தமிழ்நாட்டை வையுங்கள்: 11.7-இலிருந்து 15.6-க்கு உயர்ந்தது. இந்தியா முழுவதற்கும் 21.5-இலிருந்து 17.7-க்கு இறங்கியது. இந்த ஆறு எண்ணையும் ஒரு அட்டவணையாகக் கொடுத்தேன். எங்கள் வகுப்பில் இரண்டு மலையாளிப் பெண்கள் உண்டு. கேரளத்து ஜனத்தொகை பாதியானது என்று அவர்களில் ஒருத்தியே எழுதிக்கொண்டு வந்தாள், பக்கத்தில் இருந்தவள் ஒரே சிரிப்பு. தமிழ்நாட்டு எண் ஏன் ஏறியது என்று உடனே விவாதம் கிளம்பும். வடமாநிலத் தொழிலாளர்கள், திருப்பூர், சென்னை என்று பேச்சு நீளும். டீ இடைவேளையில் பேசிக்கொள்ளலாம் என்று நிறுத்திவிடுவேன். ‘தமிழ்நாடு மட்டும் மற்ற இரண்டுக்கும் எதிர்த் திசையில் நகர்ந்தது’ என்பதுதான் தாளுக்கு வேண்டியது. அந்த ஒரு வரிக்கே நல்ல மதிப்பெண் உண்டு.

இடையில் ஒரு சில்லறைத் தொல்லை. நமக்கு எண் ஓடுவது லட்சம், கோடியில். தேர்வில் லட்சமும் கோடியும் எழுதினால் திருத்துகிறவருக்குப் புரியும் என்று நம்ப முடியாது. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். அவசரத்தில் 800 கோடியை 8 மில்லியன் என்று எழுதியவர்கள் உண்டு. அப்படி எழுதினால் உலகமே சென்னை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எண்ணுக்குப் பின்னால் வரும் மில்லியனுக்கும் பில்லியனுக்கும் பன்மை ‘எஸ்’ போடக் கூடாது. ஆங்கிலத்தில் ‘பை’ போட்டால் எவ்வளவு ஏறியது, ‘டு’ போட்டால் எதுவரை ஏறியது. இதற்கு மேல் இலக்கணம் நடத்தினால் தூங்கிவிடுவார்கள், பாதிப் பேர் டியூட்டியிலிருந்து நேராக வந்தவர்கள்.

எதிர்காலம் பற்றிய பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உலக மக்கள்தொகைப் படங்கள் பெரும்பாலும் 2050 வரையோ 2100 வரையோ நீளும், இன்றைக்கு அப்பால் கோடு புள்ளிப் புள்ளியாக மாறும். 900 கோடி 2037 வாக்கில் வரும் என்பது ஐ.நா.வின் கணிப்பு. அப்படியானால் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போக 15 வருடம்: அந்த வரிசையில் முதன்முறையாக இடைவெளி கூடுகிறது. 2024-இல் வெளியான அவர்களின் கணக்குப்படி 2080-களின் நடுவில் 1,030 கோடியில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். இவற்றை நடந்து முடிந்த காரியம் மாதிரி எழுதிவிடக் கூடாது. ‘கணிக்கப்படுகிறது’, ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்ற வாலை ஒட்டியே ஆக வேண்டும். படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரிகிறது, ஆனால் இல்லை.

இரண்டு படமும் பழகிய பிறகு, இரண்டையும் சேர்க்கிற ஒரு அட்டவணையை நானே போட்டுக் கொடுக்கிறேன். இந்தியாவின் எழுத்தறிவு, ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில். 1981-இல் 43.6 சதவீதம், 1991-இல் 52.2, 2001-இல் 64.8, 2011-இல் 73. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் எண்ணிக்கை, ஏறத்தாழ: 30 கோடி, 33 கோடி, 30 கோடி, 28 கோடி. 2011-க்கு 74 என்று ஒரு எண்ணையும் நிறைய இடத்தில் பார்ப்பீர்கள். அது முதலில் வந்த தற்காலிகக் கணக்கு, இறுதிக் கணக்கில் 73 ஆனது.

முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைத் துணியால் மூடியது போலக் கையால் மூடிக் காட்டுவேன். சதவீதம் ஏறியிருக்கிறது, நல்ல செய்தி. ஆனால் எழுத்தறியாதவர்களும் 3 கோடி கூடியிருக்கிறார்கள். எப்படி? படிப்பித்த வேகத்தைவிட ஜனத்தொகை வேகமாகப் பெருகியது. 1991-க்கும் 2001-க்கும் நடுவில்தான் முதன்முறையாக எண்ணிக்கையும் இறங்கத் தொடங்கியது. எங்கள் சித்தி தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தது அந்தப் பத்தாண்டில்தான். அவளைப் போன்றவர்களும் அந்தச் சரிவுக்குள் எங்கோ இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. வகுப்பில் சொல்வதில்லை.

இதே அட்டவணையில் இன்னொன்றும் கற்றுக்கொள்ளலாம். 43.6-இலிருந்து 52.2-க்குப் போனது 8.6 சதவீத உயர்வு என்று எழுதுகிறார்கள். அது 8.6 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் 43.6-இல் 8.6 என்பது ஏறத்தாழ 20 சதவீத உயர்வு. செய்தித்தாள்களே இதைக் குழப்புகின்றன. வங்கி வட்டி 8-இலிருந்து 9 ஆனால் வட்டி 1 சதவீதம் கூடியது என்று போடுவார்கள், கடன் வாங்கியவருக்கோ கட்டும் வட்டி எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டிருக்கும். எங்கள் வகுப்பில் வீட்டுக் கடன் இல்லாதவர் குறைவு, அதனால் இந்த உதாரணம் உடனே ஏறுகிறது.

20 நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்வது, முதல் நாலு நிமிடம் பேனாவை மூடி வை. தலைப்பு, அலகு, ஆண்டு, எதில் சதவீதம் என்று விரலால் தொட்டுப் பார். கூட்டிப் பார், 100 வருகிறதா? மிகப் பெரியது எது, மிகச் சின்னது எது, கூட்டத்தோடு சேராமல் தனியாக நிற்பது எது? அப்புறம் கேள்வியைத் தன் வார்த்தையில் ஒரு வரி, அதற்கு அடுத்ததாக ஓவர்வியூ, அதன் பின் இரண்டு பத்தி விவரம். முடிவுரை வேண்டாம், இந்தத் தேர்வில் அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் படத்தோடு ஒரு தரம் ஒத்துப் பார்க்க வேண்டும். மருந்து கொடுக்கும் முன் சீட்டை மறுபடி பார்க்கிற கை, இதையும் பழகிக்கொள்ளும். எண் எழுதாத படத்தில் பார் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால், ‘ஏறத்தாழ’ போட்டுவிட்டு நகருங்கள். 37-ஆ 38-ஆ என்று ஸ்கேல் வைத்து அளந்து மூன்று நிமிடம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் பழக, பயிற்சிப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவின் படங்களும் நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, முதலில் தமிழில் நாலு வரி எழுதிப் பாருங்கள். என் அனுபவத்தில், தமிழில் தெளிவாக எழுத வராதவர்களுக்கு ஆங்கிலத்திலும் வருவதில்லை, காரணம் படமே இன்னும் பிடிபடவில்லை. மையத்தில் இதற்கு எதிர்ப்பு உண்டு, ஆங்கில வகுப்பில் தமிழா என்று. நான் தொடர்ந்து செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

இனி வரப்போகும் இந்தியப் படங்களுக்கும் இப்போதே தயாராகிக்கொள்வது நல்லது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு 2021-இல் நடக்கவில்லை. அடுத்ததற்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. அதாவது 2011-க்கு அடுத்த புள்ளி 16 வருடம் தள்ளி விழும். 1951-இலிருந்து வரிசையாகப் பத்துப் பத்தாக நின்ற பார்களுக்குப் பக்கத்தில், அகலத்தில் மாற்றமே தெரியாமல் இன்னொரு பார் நிற்கும். ஒரு பேச்சுக்கு அந்த 16 வருட வளர்ச்சி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2001–2011-இன் 17.7-ஐவிட அது உயரமான பார். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் முன்னது 1.6 சதவீதத்துக்கு மேல், பின்னது 1.2-க்குக் கீழ். இந்தக் கற்பனை எண்ணை வைத்து ஒரு தாள் தயார் செய்து போன அணிக்குக் கொடுத்தேன். கீழே ஆண்டு தெளிவாக எழுதியிருந்தும் பாதிக்கு மேற்பட்டோர் வளர்ச்சி மீண்டும் வேகம் பிடித்தது என்றே எழுதியிருந்தார்கள். அதனால் இப்போது புது அணிக்கு முதல் நாளே கீழ்க்கோட்டில் உள்ள ஆண்டுகளுக்கு நடுவே எத்தனை வருட இடைவெளி என்று பென்சிலால் எழுதச் சொல்லிவிடுகிறேன், அதன் பிறகுதான் பார் பக்கம் போகலாம்.